வீட்டில் செய்த டிரம் மொடியூல்: பெட்டி வேலை செய்கிறது, அடிக்கிறவனுக்குத்தான் விளங்கவில்லை

கல்லடி_ஈயக்கோல்

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக இரவில் ஈயம் உருக்கி ஒரு எலக்ட்ரோனிக் டிரம் மொடியூல் (அடியை வாங்கிச் சத்தமாக்குகிற பெட்டி) செய்து முடித்திருக்கிறேன். ஈஎஸ்பி32 சிப், எட்டு பாட் (அடிக்கிற தட்டு) சொருகலாம், ஒவ்வொரு பாட் உள்ளேயும் அதிர்வை மின்னாக்குகிற 35 மில்லிமீட்டர் பியெசோ, மேலே வலையால் ஆன மெஷ் தலை. சத்தங்கள் எஸ்டி கார்ட்டில் இருக்கின்றன. முகப்பில் ஒரு சின்ன ஓஎல்ஈடி திரை, ஒரே ஒரு குமிழ். திருகினால் மெனு ஓடும், அமுக்கினால் உள்ளே போகும், நீளமாக அமுக்கினால் வெளியே வரும். ஒரு குமிழில் எல்லாம் அடங்கிவிட்டது என்று எனக்குப் பெரிய பெருமை.

போன மாதம் மாமி மகன் அதை ஒரு கலியாண வீட்டுக்குக் கொண்டுபோனான். மூன்றாவது பாட்டு பைலா. அதற்குக் கிட்டை (சத்தத் தொகுப்பை) மாற்ற வேண்டும். இடது கையால் குமிழைத் திருகும்போது கொஞ்சம் அமுங்கிவிட்டது. பெட்டி என்ன செய்ததென்றால், புளோர் டொம்மின் திரெஷோல்ட் (இதற்குக் கீழே வருவதை அடியாக எடுக்காத அளவு) பக்கத்துக்குப் போய் நின்றுகொண்டது. இவன் கிட் மாறுகிறது என்று நினைத்துத் திருகத் திருக, திரெஷோல்ட் ஏறி ஏறி டொம் செத்துப்போனது. வயர் கழன்றுவிட்டது என்று நினைத்து முழங்காலில் இருந்து ஜாக்கை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகியிருக்கிறான். கீபோர்ட் தம்பி அந்த நேரம் முழுக்க இன்ட்ரோவையே சுற்றிச் சுற்றி வாசித்தானாம். பொம்பிளை வீட்டார் அதுதான் பாட்டு என்று நினைத்து ஆடி முடித்துவிட்டார்கள்.

மெனு இதுதான், வரிசையாக: கிட், வொலியூம், பாட் தெரிவு, சென்சிட்டிவிட்டி, திரெஷோல்ட், ஸ்கேன் டைம், மாஸ்க் டைம், கேர்வ், குரொஸ்டோக், நோட், சனல், மெட்ரோனோம், சேமி, ரீசெட். மொத்தம் 14. திட்டுங்கள், ஆனால் காரணத்தோடு திட்டுங்கள்.

கல்முனை_ரிதம்

தம்பி, பெட்டி செய்ததற்கு முதலில் வாழ்த்து. இனித் திட்டு.

நான் இருபது வருடமாகக் கலியாணம், கோயில் திருவிழா, பாடசாலை விழா என்று அடிக்கிறேன். ஒரு பெட்டியைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. இருட்டு, வலது கையில் கோல், இடது கைக்கு இரண்டு செக்கன் கிடைக்கிறது, கண் பாட்டுக்காரரில் இருக்கிறது. அந்த இரண்டு செக்கனில் எனக்கு என்ன செய்யலாம்? கிட் ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. கிளிக் (தாளம் பிடிக்கிற மெட்ரோனோம்) போட, நிறுத்த. என் காதுக்கு வருகிற சத்தத்தைக் கூட்ட, குறைக்க. அவசரத்துக்கு எல்லாச் சத்தத்தையும் அமத்த. அவ்வளவுதான். உங்கள் மெனுவில் மிச்சம் பதினொன்றும் வீட்டு வேலை. வீட்டு வேலையையும் மேடை வேலையையும் ஒரே குமிழில் கட்டியதுதான் உங்கள் பிழை, திரெஷோல்ட்டில் பிழை இல்லை.

கடையில் வாங்கிய பெட்டி மட்டும் திறம் என்று நினைக்க வேண்டாம். என்னிடம் ஒன்று இருந்தது (பெயர் வேண்டாம், விற்றுவிட்டேன்). சேமிக்கிற பட்டனும் கிட் பட்டனும் அரை இஞ்சி இடைவெளியில், ஒரே அளவு, ஒரே ரப்பர். இரண்டு தரம் நல்ல கிட் ஒன்றின் மேலே இன்னொன்றை எழுதித் தொலைத்தேன்.

தேத்தண்ணி

பொம்பிளை வீட்டார் ஆடி முடித்ததை வீடியோ எடுத்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க முதல்ல

சவுண்ட்_களுவாஞ்சி

நான் மிக்ஸர் பக்கத்து ஆள். எங்கள் கவலை வேறு.

முதல் விஷயம், மேடையில் டிரம் அடிக்கிறவர் தனக்குக் கேட்கவில்லை என்று வொலியூமைக் கூட்டுவார். அது அவருடைய ஹெட்போனுக்கு மட்டும் போனால் எனக்குப் பிரச்சினை இல்லை. பல சின்னப் பெட்டிகளில் ஒரே வொலியூம்தான், ஹெட்போனும் வெளியே வருகிற லைனும் சேர்ந்தே ஏறும். நான் சவுண்ட் செக்கில் ஒரு மணித்தியாலம் பிடித்து வைத்தது ஒரு திருகலில் போய்விடும். ஹெட்போனுக்கு ஒரு குமிழ், லைனுக்கு ஒரு குமிழ், லைன் குமிழைப் பெட்டியின் பின்பக்கம் வையுங்கள். கை எட்டாத இடம்தான் அதற்கு நல்ல இடம்.

அடுத்தது, கிட் மாறும்போது சத்தம் குதிப்பது. ஒரு கிட் அமைதி, அடுத்தது 6 டெசிபெல் கூட. பெட்டிக்குள்ளேயே எல்லாக் கிட்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். இது திரையில் தெரிகிற வேலை இல்லை, ஆனால் மனிதர்கள் பெட்டியை நம்புவதும் நம்பாததும் இதில்தான் இருக்கிறது.

மறுகா கரண்ட். ஊர்க் கோயில் விழா என்றால் ஜெனரேட்டர். டீசல் ஊற்ற நிற்பாட்டுவார்கள், லைட்காரர் ஏதாவது பெரிதாகப் போட்டால் வோல்டேஜ் இறங்கும். கீபோர்ட் ஐந்து செக்கனில் எழும்பிவிடும், டிரம் மொடியூல் தன் கொம்பனிப் பெயரை மின்ன மின்னக் காட்டிக்கொண்டு நிற்கும். எழும்பியதும் கிட் 1. பாட்டு நடந்தது கிட் 23-இல். உங்கள் பெட்டியில் பெயர் காட்டுகிற பகட்டு ஏதும் இருந்தால் இன்றைக்கே கழற்றி எறியுங்கள்.

ரோலண்ட் கொம்பனியின் டிடி-30 மொடியூலில் முகப்பில் வரிசையாக ஸ்லைடர்கள் இருக்கும். கிக் தனி, ஸ்னேர் தனி. மெனுவே திறக்காமல் விரலால் தள்ளலாம், எது எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

கல்லடி_ஈயக்கோல்

அண்ணே, பெயர் மின்னுகிறது, நான்கு செக்கன். வெட்கமாக இருக்கிறது. கழற்றுகிறேன்.

ஆனால் குமிழ், ஸ்லைடர் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள், எனக்குக் காசு பிரச்சினை இல்லை, சிப்பில் வயர் கொடுக்கிற கால் பிரச்சினை. ஈஎஸ்பி32-இல் இரண்டு ஏடிசி (வோல்ட்டை எண்ணாக்குகிற பகுதி) இருக்கின்றன. இரண்டாவதை வைஃபை ஓடும்போது நம்ப முடியாது. முதலாவதில் எட்டு வழிதான். எட்டும் எட்டு பாட்களுக்குப் போய்விட்டன. ஒரு வொலியூம் குமிழ் சேர்க்கக்கூட இடம் இல்லை. அதனால்தான் எல்லாவற்றையும் என்கோடர் என்கிற அந்த ஒற்றைக் குமிழுக்குள் அடக்கினேன். சும்மா ஸ்டைலுக்குச் செய்யவில்லை.

அக்கரைப்பற்று_கோட்

அண்ணா, முகப்புக்கு இன்னொரு சிப் போடுங்கள். பழைய ஆர்டுயினோ நானோ போர்ட் ஒன்று போதும். குமிழ், பட்டன், லைட் எல்லாம் அதில். பெரிய சிப்புக்கு சீரியல் வயரில் "கிட் ஒன்று முன்னுக்கு" என்று ஒரு சொல் அனுப்பினால் சரி. முகப்பைப் பிறகு மாற்ற விரும்பினால் பாட் பக்கத்தில் கை வைக்கவே தேவையில்லை. இப்போது ஒன்று செய்து பார்த்துப் பிடிக்காவிட்டால் கழற்றிவிட்டு அடுத்தது.

இன்னொரு கேள்வி. குமிழைத் திருகும்போது சில அடிகள் தவறுகின்றனவா? உங்கள் திரை 128க்கு 64 புள்ளி, ஐ2சி என்கிற இரண்டு வயர் இணைப்பில்தானே? ஒரு முழுத் திரைக்கு 1024 பைட். 400 கிலோஹெர்ட்ஸில் ஒரு பைட்டுக்கு 9 துடிப்பு என்று கணக்குப் போட்டால் ஒரு தரம் வரைய ஏறக்குறைய 23 மில்லிசெக்கன். அந்த நேரம் சிப் பாட்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தால், பியெசோவின் உச்சம் ஒன்றிரண்டு மில்லிசெக்கனில் வந்து போய்விடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது.

கல்லடி_ஈயக்கோல்

ஓம் தவறுது! நான் அதைப் பியெசோ ஒட்டு சரியில்லை என்று நினைத்து நான்கு பாட்டைப் பிரித்து மறுபடி ஒட்டினேன். நாசமாய்ப் போக.

அக்கரைப்பற்று_கோட்

ஈஎஸ்பி32-க்கு இரண்டு கோர் இருக்கிறது அண்ணா. ஒன்று பாட்களை மட்டும் பார்க்கட்டும், வேறெதையும் அதில் ஏற்றாதீர்கள். திரை, எஸ்டி கார்ட் எல்லாம் மற்றதில். திரையிலும் முழுவதையும் வரையாமல் மாறிய துண்டை மட்டும் வரையுங்கள். பயன்படுத்த இலகு, இலகு என்று திரையின் அழகைப் பற்றியே பேசுகிறோம். அடித்தது கேட்காவிட்டால் எந்த அழகும் உதவாது.

மத்தளப்பேரன்

இழையைக் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன், மன்னிக்கவும். எங்கள் வீடு கூத்து வீடு. அப்பப்பா கூத்துப் பழக்குகிற அண்ணாவியார், வடமோடிக் கூத்து. இரவில் மத்தளம் பழகினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்புகிறது என்று போன வருடம் நான் இரண்டு மெஷ் பாட்டை ஒரு பழைய குழாயின் இரண்டு முனையிலும் கட்டி, கடையில் வாங்கிய சின்ன மொடியூல் ஒன்றில் சொருகினேன். வலந்தலை ஒன்று, தொப்பி ஒன்று.

கையால் அடிப்பதற்கும் கோலால் அடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விரல் நுனி தட்டு ஒன்றுமே ஏறவில்லை. சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் ஓங்கி அடித்த அடி எல்லாம் ஒரே சத்தத்தில் போய் முட்டுகிறது. திரெஷோல்ட்டை இறக்கினால் குழாயை நகர்த்தினாலே அடி விழுகிறது. மூன்று நாள் அந்த மெனுவுக்குள் கிடந்தேன். எது எதைக் கெடுக்கிறது என்று அந்தப் பெட்டி ஒரு இடத்திலும் சொல்லவில்லை. வெறும் எண்கள்.

கடைசியில் அப்பப்பாவைக் கொண்டுவந்து இருத்தினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "எங்க தொட்டா எங்க கேக்கும்?" என்றார். மெஷ்ஷின் நடுவில் கூம்பு பஞ்சு இருக்கிற இடத்தில் தட்டினால் இடி மாதிரி, ஓரத்தில் தட்டினால் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி. இரண்டு நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

கல்முனை_ரிதம்

அதுதான். பியெசோவை நடுவில் கூம்போடு வைத்தால் நடு சூடாகத்தான் இருக்கும், மெனுவால் அதைச் சரிக்கட்ட முடியாது. பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்.

அக்கரைப்பற்று_கோட்

மத்தளப்பேரன் அண்ணாவின் மொடியூலில் என்ன சிப் என்று தெரியாது, ஆனால் ஈஎஸ்பி32-இல் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. அதன் ஏடிசி சுழியத்துக்குக் கிட்டச் செவிடு. ஏறக்குறைய 0.1 வோல்ட்டுக்குக் கீழே வருவதை 0 என்றே படிக்கும். விரல் தட்டு அந்தக் குழிக்குள் விழுந்தால் திரெஷோல்ட்டை 1-இல் வைத்தாலும் கேட்காது. பயனாளி பாவம் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். எம்சிபி3208 என்று எட்டு வழி, 12 பிட் ஏடிசி சிப் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போட்டால் இதுவும் தீரும், ஈயக்கோல் அண்ணாவின் கால் பஞ்சமும் தீரும்.

காரைதீவுக்காரி

நான் டிரம் அடிக்கிறவள் இல்லை, மென்பொருளுக்குத் திரை வடிவமைக்கிற வேலை. வாசித்துக்கொண்டு இருந்தேன், அப்பப்பா எழுந்து போன இடத்தில் நிறுத்திவிட்டேன்.

திரெஷோல்ட், சென்சிட்டிவிட்டி, ஸ்கேன், மாஸ்க், குரொஸ்டோக் எல்லாம் பெட்டிக்குத் தேவையான எண்கள். மனிதரிடம் ஏன் கேட்கிறீர்கள்? அடித்துக் காட்டச் சொன்னால் பெட்டியே எடுத்துக்கொள்ளலாமே. முதலில் "சும்மா இருங்கள்" என்று மூன்று செக்கன். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்தால் மேடை அதிர்வு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு "மெல்லத் தட்டுங்கள்", ஐந்து வட்டம், ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று நிரம்பும். பிறகு "ஓங்கி அடியுங்கள்", இன்னும் ஐந்து. மிக மெல்லிய தட்டுக்குச் சற்றுக் கீழே, அதிர்வுக்கு மேலே திரெஷோல்ட். ஓங்கிய அடியின் சராசரி, ஆகக் கூடிய அளவான 127-க்குக் கிட்ட. ஓங்கி அடிக்கும்போது பக்கத்து பாட்களில் எவ்வளவு கசிகிறது என்று அதே நேரத்தில் குறித்தால் குரொஸ்டோக்கும் முடிந்தது. எண்களை ஒரு பக்கத்தில் ஒளித்து வையுங்கள், வேண்டியவர்கள் போய்ப் பார்க்கட்டும்.

அடுத்தது, உங்கள் மாமி மகனுக்கு உண்மையில் கஷ்டம் கொடுத்தது, பெட்டி எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போனதுதான். கிட் பக்கமும் திரெஷோல்ட் பக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரி, மேலே ஒரு சொல், கீழே ஒரு எண், இல்லையா?

கல்லடி_ஈயக்கோல்

அக்கா, அப்படியேதான். பார்த்த மாதிரி சொல்கிறீர்கள்.

தமிழில் எழுத்துப் போடலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது. "தொடக்க மட்டம்", "உணர்திறன்", "மறைப்பு நேரம்" என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

கல்முனை_ரிதம்

தம்பி வேண்டாம். கும்பிட்டுக் கேட்கிறேன். மறைப்பு நேரம் என்றால் எனக்குக் கிரகணம்தான் ஞாபகம் வருகிறது. டிரம் அடிக்கிற எல்லாரும் யூடியூப் பார்த்துத்தான் பழகினது, அதில் திரெஷோல்ட் என்றால் திரெஷோல்ட். பெட்டியில் வேறு பெயர் இருந்தால் ஆளுக்கு இரண்டு வேலை.

மத்தளப்பேரன்

ரிதம் காக்கா, யூடியூப் பார்த்துப் பழகாத ஆட்களும் அடிக்கிறார்கள். எங்கள் அப்பப்பாவுக்குத் திரெஷோல்ட்டும் தெரியாது, தொடக்க மட்டமும் தெரியாது. "மெல்லத் தட்டுங்கள்" தெரியும்.

கல்முனை_ரிதம்

அது சரி. அது பெயர் இல்லையே, பேச்சு. அதைத் தமிழில் வைப்பதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அகராதியைப் பெட்டிக்குள் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

காரைதீவுக்காரி

இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்கள். பெட்டி ஆளோடு பேசுகிற இடங்கள் எல்லாம் தமிழ்: மெல்லத் தட்டுங்கள், சேமித்தாயிற்று, இந்தப் பாட் பேசவில்லை வயரைப் பாருங்கள். ஒளித்து வைத்த நிபுணர் பக்கத்தில் திரெஷோல்ட், மாஸ்க் என்று தமிழ் எழுத்திலேயே, ஆனால் ஊரில் புழங்குகிற அதே சொல். அதற்குப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று ஒரு வரி. மாஸ்க் டைம் என்றால் "ஒரு அடி இரண்டாகக் கேட்டால் கூட்டுங்கள்". குரொஸ்டோக் என்றால் "அடிக்காத பாட் கேட்டால் கூட்டுங்கள்".

நோட் 38 என்று காட்டாதீர்கள், ஸ்னேர் என்று காட்டுங்கள். மிடி என்பது இசைக் கருவிகள் தங்களுக்குள் பேசுகிற முறை, அதன் பொது அட்டவணையான ஜெனரல் மிடியில் 1991-இலேயே 36 என்றால் கிக், 38 ஸ்னேர், 42 மூடிய ஹைஹெட் என்று முடிவாகிவிட்டது, பெட்டிக்குத் தெரிந்த அட்டவணையை ஆள் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சின்னச் சிப்புகளுக்கான எழுத்து நிரல்கள் தமிழை வந்த ஒழுங்கிலேயே வரிசையாக வைக்கும். "கெ" என்று எழுதினால் யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. திரையிலும் க-வுக்குப் பின்னால் கொம்பு வந்து நிற்கும். "மெல்ல" என்ற சொல்லே பிழைக்கும். சொற்களைக் கணினியில் படமாக வரைந்து படமாகவே ஏற்றிவிடுங்கள், முப்பது சொல் வருமா? இடமும் பெரிதாகப் பிடிக்காது. எழுத்து 16 புள்ளி உயரத்துக்குக் குறைந்தால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும், ஆகவே திரையில் நான்கு வரிதான்.

காத்தான்குடி_றபான்

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். றபான் என்கிற கையால் தட்டுகிற தோல் கருவியின் சத்தம் பதிவு செய்து வைத்திருக்கிறேன், பக்கீர்மார் பாடுகிற பைத்துக்கு அடிக்கிற மாதிரி, வேண்டுமானால் தருகிறேன். ஒரு தட்டுக்கு ஏழெட்டுப் பதிவு, மெல்லத்தில் இருந்து ஓங்கி வரை.

கல்லடி_ஈயக்கோல்

வேண்டுமா என்றா கேட்கிறீர்கள். உள்பெட்டியில் எழுதுகிறேன்.

பாசிக்குடா_ஃபோன்

2 பக்கம் வாசித்தேன், ஒரு சிம்பிள் கேள்வி. எல்லாரிடமும் ஃபோன் இருக்கிறது. பெட்டியில் திரையே வேண்டாம், புளூடூத் ஆப் ஒன்று எழுதினால் முடிந்தது, தமிழ் எழுத்தும் கொம்பும் எல்லாம் ஃபோன் பார்த்துக்கொள்ளும்.

சவுண்ட்_களுவாஞ்சி

மேடையில் பாட்டு நடுவில் அந்த ஃபோனுக்கு மாமா கோல் எடுப்பார்.

அக்கரைப்பற்று_கோட்

வீட்டு வேலைக்கு ஃபோன் நல்ல யோசனைதான், பாட்களுக்குச் சத்தம் தெரிவு செய்வது, கிட்டுக்குப் பெயர் வைப்பது எல்லாம் குமிழில் செய்தால் ஆயுசு போய்விடும். மேடைக்கு வேண்டாம். வியர்த்த விரலை டச் திரை ஒழுங்காக எடுக்காது, கச்சான் காற்று வீசுகிற மாதத்தில் நம்மூர் மேடையில் காய்ந்த விரலோடு யார் நிற்கிறார்கள். அடியையே புளூடூத்தில் அனுப்ப நினைத்தால் அதையும் மறந்துவிடுங்கள். இந்தச் சிப்பில் இருக்கிற பிஎல்ஈ-இல் (குறைந்த மின் புளூடூத்) இரண்டு பேச்சுக்கு இடையில் ஆகக் குறைந்தது 7.5 மில்லிசெக்கன், பல ஃபோன்கள் அதற்கும் விடாது. வயர் மிடியில் ஒரு நோட் போக ஒரு மில்லிசெக்கன்தான். ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளி இருந்தாலே காற்றில் 9 மில்லிசெக்கன் போகிறது, அதற்கு மேலே ஏற்றினால் அடிக்கிறவருக்குக் கை கனக்கும்.

கல்முனை_ரிதம்

ஒரு பழைய கதை. ரோலண்டின் முதல் ஒக்டபாட், பாட்-8, 1985-இல் வந்தது. அதற்குள் சத்தமே கிடையாது, எட்டு ரப்பர் தட்டு, மிடி மட்டும். சத்தத்துக்கு வேறு பெட்டி. இன்றைக்கும் நம் பக்கத்தில் கோஷ்டிகளில் டிரம் செட்டை விட ஒக்டபாட்தான் அதிகம், ஏனென்றால் கண்ணுக்கு முன்னால் எட்டுத் தட்டு, எது எது என்று கைக்குத் தெரியும். தம்பியின் பெட்டிக்கு நான் கேட்பதும் அதுதான். ஒரு பாட் அடித்தால் திரை அந்தப் பாட் பக்கத்துக்குத் தானாகப் போக வேண்டும். "பாட் தெரிவு" என்று ஒரு மெனுவே தேவையில்லை. மேடையில் மெனு மாறாமல் பூட்டி வைத்திருக்கும்போது மட்டும் போகக்கூடாது.

கல்லடி_ஈயக்கோல்

சரி. மூன்று கிழமை எடுத்தேன். இப்போது இருக்கிற நிலை.

முகப்பில் இடது பக்கம் ஹெட்போன் குமிழ். நடுவில் இரண்டு பெரிய பட்டன், கிட் முன்னுக்கு, பின்னுக்கு. வலது பக்கம் கிளிக், அமத்து. என்கோடர் இன்னும் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளு சுவிச் வைத்திருக்கிறேன், "மேடை" என்ற பக்கம் தள்ளினால் என்கோடர் செத்த பாம்பு. மேடையில் திரை முழுக்க கிட் எண் மட்டும், வீட்டுப் பக்கத்தில் எழுத்துகள், ஆகவே இரண்டையும் குழப்பவே முடியாது. லைன் குமிழ் அண்ணன் சொன்னபடி பின்னுக்கு.

இருட்டில் பட்டனைத் தடவிக் கண்டுபிடிக்க, கிட் பட்டன் இரண்டிலும் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினேன். முன்னுக்குப் போகிறதில் ஒரு கோடு, பின்னுக்குப் போகிறதில் இரண்டு. அழகு இல்லை, வேலை செய்கிறது.

காரைதீவு அக்கா தனியாகச் சொன்னபடி நான்கு பேரை இருத்தி, ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். வாயை மூடுவதுதான் கஷ்டம். மாமி மகன், அவனுடைய தங்கை, சபைக் குவயரில் அடிக்கிற ஒரு பொடியன், மத்தளப்பேரனின் அப்பப்பா. அப்பப்பாவிடம் "மெல்லத் தட்டுங்கள்" வந்தது. தட்டினார். ஒரு வட்டம் நிரம்பியது. "இன்னும் மெல்லவா?" என்று பெட்டியைக் கேட்டார். பதில் வரவில்லை என்றதும் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். பிறகு தானாகவே மெல்ல, இன்னும் மெல்ல என்று ஐந்தும் தட்டி முடித்தார். புது ஏடிசி சிப் ஐந்தையும் எடுத்தது. ஓங்கி அடிக்கச் சொன்னபோது மேசை ஆடியது, ஆனால் எழுந்து போகவில்லை, அரை மணித்தியாலம் இருந்தார்.

பிழைத்த இடம்: சேமிப்பு. தங்கச்சி எல்லாம் மாற்றிவிட்டு வயரைப் பிடுங்கிவிட்டாள், அவ்வளவும் போனது. தானாகச் சேமிக்க வைத்தேன், அடுத்த நாள் மாமி மகன் விளையாட்டுக்கு மாற்றியதும் நிரந்தரமாகிவிட்டது. எது நல்லது?

காரைதீவுக்காரி

வீட்டுப் பக்கத்தில் தானாகச் சேமிக்கட்டும், கடைசி மாற்றத்தைத் திருப்பி எடுக்க ஒரு வழி வையுங்கள், ஒரு படி போதும். மேடைப் பக்கத்தில் கிட் எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும், வேறொன்றும் எழுத வேண்டாம்.

அக்கரைப்பற்று_கோட்

ஒவ்வொரு திருகலுக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதாதீர்கள் அண்ணா. அதற்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு இலட்சம் தரம் என்று கணக்கு, குமிழ் வேகமாகச் சுற்றினால் ஒரு நாளிலேயே நூறு நூறாகப் போகும். கை எடுத்து மூன்று செக்கன் கழித்து ஒரு தரம் எழுதுங்கள்.

சவுண்ட்_களுவாஞ்சி

போன சனிக்கிழமை தம்பியின் பெட்டியை ஒரு கோயில் விழாவில் மிக்ஸரில் போட்டேன். கரண்ட் ஒரு தரம் போய் வந்தது, இரண்டு செக்கனில் அதே கிட்டில் எழும்பியது. கிட் மாறும்போது சத்தம் குதிக்கவில்லை. நான் மிக்ஸரில் கை வைத்தது குறைவு.

குறை ஒன்று. பின்னேரம் நான்கு மணி, மேற்கு வெயில் மேடைக்குள் நேரே விழுகிறது. அந்தச் சின்னத் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. மாமி மகன் கையால் நிழல் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். இரவில் அதே திரை கண்ணைக் குத்துகிறது.

கல்லடி_ஈயக்கோல்

திரையே 11 மில்லிமீட்டர் உயரம்தான் அண்ணே, எண்ணை அதற்கு மேல் பெரிதாக்க இடமில்லை. கிட் எண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு இஞ்சி செவன் செக்மென்ட் எண் விளக்கு போட்டு, சிவப்பு மைக்கா ஒன்றை முன்னால் வைத்து, மேலே ஒரு சின்னக் கூரை மாதிரித் தகரம் மடிக்கலாம் என்று நினைக்கிறேன். வெளிச்சத்தைப் பார்க்க எல்டிஆர் ஒன்று போட்டால் இரவில் தானாக மங்கும்.

கல்முனை_ரிதம்

தகரம் விளிம்பை மடித்து விடுங்கள், கையை வெட்டும். ஹைஹெட் பெடலுக்குப் பக்கத்தில் காலால் கிட் மாற்ற ஒரு ஃபுட் சுவிச் ஜாக்கும் வையுங்கள், நானோவில் இன்னும் கால் மிச்சம் இருக்குமே.

கல்லடி_ஈயக்கோல்

நான்கு மிச்சம் இருக்கிறது காக்கா. பின்னுக்கு ஓட்டை போட்டுவிட்டு படம் போடுகிறேன். மத்தளப்பேரன் மச்சான், அப்பப்பா கொண்டுபோன பெட்டியைத் திருப்பித் தருவாரா?

மத்தளப்பேரன்

கேட்டேன். அடுத்த பெட்டியைச் செய்யச் சொன்னார்.